கோலா கங்சாரும் கணினியின் உஷ்ணமும்

பேராக் நதி வளைந்தோடும் கரையிலே, சுல்தானின் அரண்மனையும் 1917இல் கட்டி முடிக்கப்பட்ட உபுதியா பள்ளிவாசலும் விளங்குகின்ற கோலா கங்சாரைப் பற்றி எழுதுவோர் 1877ஆம் ஆண்டையே முதலில் நினைவுகூர்வது வழக்கம். பிரேசில் தேசத்து விதையிலிருந்து லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து வந்த ரப்பர் நாற்றுகளில் சில அக்காலத்தில்தான் இங்கே நடப்பட்டன. ஆனால் இவ்வூரில் இன்று, விளையாட்டின் பொருட்டு உறுப்புகளைத் தானே தேர்ந்தெடுத்துக் கணினியைப் பொருத்துகின்ற இளைஞனுக்கும் இப்பிரதேசத்தின் பூர்வ சரித்திரத்துக்கும் உள்ள பந்தம் அந்த மரத்தின் பந்தத்தைக் காட்டிலும் குறைந்ததன்று.

முதலாவதாக, கணினியின் பலகையில் சில்லுகளைப் பிடித்து நிறுத்தும் பற்றாசை எடுத்துக்கொள்வோம். வெகுகாலம் அது வெள்ளீயம் 63 பங்கும் காரீயம் 37 பங்குமாகக் கலந்த உலோகமாக இருந்தது. காரீயத்தை ஐரோப்பிய சட்டம் 2006இல் விலக்கிய பின்பு அநேகமாக முழுவதுமே வெள்ளீயமாயிற்று. அந்த வெள்ளீயத்தை உலகத்துக்கு அள்ளிக் கொடுத்த இடங்களில் தலையாயது ஈப்போவைச் சூழ்ந்த கிந்தா பள்ளத்தாக்கு. அங்கிருந்த லம்பங்கள் எனப்படும் ஈயச் சுரங்கங்களில் மண்வாரிக் கப்பல்களை ஓட்டும் மின்சாரத்துக்காகவே, கோலா கங்சாருக்கு வடக்கே பேராக் நதியை மறித்துச் சென்டரோ அணை எழுந்து, 1930இல் மின்சாரம் தரத் தொடங்கியது. ஈயத்தின் விலை 1985இல் சரிந்தபோது லம்பங்கள் ஓய்ந்தன. அணை மாத்திரம் இன்றும் உழைக்கிறது.

ரப்பர் தோட்டங்களின் கதையோ வேறு. விடியுமுன் பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்புக்கு நின்று, நிரை பிடித்து, வெயில் ஏறினால் பால் வற்றிவிடும் என்பதனால் குளிரிலேயே மரம் சீவி முடித்த நம் ஜனங்கள், உஷ்ணத்தின் ஆட்சியை எவரும் சொல்லாமலே அறிந்தவர்கள். வெள்ளைக்காரர் தோட்டங்களைத் துண்டாடி விற்றபோது, இம்மாவட்டத்துச் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவித் தொழிலாளரின் சிறு சந்தாவைக் கொண்டே தோட்டங்களை வாங்கினார். அது மகத்தான காரியம் என்பதே என் அபிப்பிராயம். ஆயினும் அடுத்த தலைமுறை லயங்களை விட்டு வெளியேறுவதை எதனாலும் நிறுத்த இயலவில்லை. இன்டெல் ஸ்தாபனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையைப் பினாங்கில் 1972இல் திறந்தது, ஏ.எம்.டி.யும் அவ்வாண்டே அத்தீவில் பிரவேசித்தது. ஈப்போவில் கார்செம் தோன்றியதும் அதே காலம். தோட்டத்துப் பெண்களில் பலர் உளியை வைத்துவிட்டு, பூதக்கண்ணாடிக்குக் கீழே தலைமயிரினும் மெல்லிய தங்கக் கம்பியைச் சில்லின் விளிம்பில் பொருத்தும் வேலைக்குச் சென்றார்கள். பிற்காலத்தில் இன்டெல் பிராசஸர்கள் பலவற்றின் உலோக மூடியிலே மலேசியாவின் பெயர் பொறிக்கப்பட்டு வந்ததை, பெட்டியைத் திறந்தவர் பலர் கண்டிருப்பர்.

அச்சில்லுகள் ஆதியில் சாந்தமானவை. 1978இல் வந்த 8086 விசிறியின்றியே வேலை செய்தது. 1993இல் முதல் பென்டியம் ஏறத்தாழ 15 வாட்டை வெப்பமாக வெளிவிடவே, அதன் தலைமேல் ஹீட்சிங்க்கும் விசிறியும் ஏறின. 2004இல் பென்டியம் 4 வரிசையில் அது 115 வாட்டை எட்டிற்று; அண்மைக் காலத்து உயர்தரப் பிராசஸர் சில முழு வேகத்தில் 253 வாட்டும், ஆர்.டி.எக்ஸ். 4090 கிராஃபிக்ஸ் கார்டு 450 வாட்டும் உண்கின்றன. உண்ட மின்சாரம் அத்தனையும் உஷ்ணமாகவே அறைக்குள் வந்து சேர்கிறது.

இங்கேதான் கோலா கங்சாரின் சீதோஷ்ணம் குறுக்கிடுகிறது. விசிறி எவ்வளவு பெரிதாயினும், செப்புக் குழாய்க்குள் நீர் ஆவியாகிக் குளிர்ந்து திரும்பும் உபாயம் எவ்வளவு நுட்பமாயினும், அறைக்காற்றைவிடக் குளிர்ந்த நிலைக்குச் சில்லைக் கொண்டுபோக முடியாது. ஆதலால் 22 பாகையில் சோதித்து எழுதப்பட்ட மதிப்புரையை நம்பி வாங்கியவன், பிற்பகலில் 33 பாகை காட்டும் இவ்வூர் அறையில், சில்லும் சுமார் 11 பாகை கூடுதலாகச் சுடுவதைக் காண்பான். 100 பாகையை நெருங்கியதும் பிராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். கூடுதல் பணம் கொடுத்து வாங்கிய வேகம் அவ்வாறு வீணாகிறது. உறுப்புகளைத் தெரிவு செய்கையில் உஷ்ணத்தைக் கடைசியில் யோசிப்பது குளிர்நாட்டார்க்குப் பொருந்தும்; நமக்கு அதுவே முதற்கேள்வியாதல் வேண்டும்.

ஆகவே, 65 வாட் பிராசஸரே போதுமென்றால் அதனோடு அமைவதும், முகப்பு கண்ணாடியாலன்றி வலையாலான பெட்டியை நாடுவதும், முன்னே இரண்டு விசிறி காற்றை இழுக்கப் பின்னே ஒன்று வெளியே தள்ளுமாறு பொருத்துவதும், தெர்மல் பேஸ்ட்டை ஒரு பட்டாணி அளவுக்கு மேல் அப்பாமலிருப்பதும் உத்தமம். மேற்கு வெயில் சுடும் சுவரோரத்தில் பெட்டியை வைக்கலாகாது. ஹீட்சிங்க்கின் தகடுகளுக்கிடையே கம்பளம்போல் படிந்துவிடும் தூசியைச் சில மாதங்களுக்கொரு முறை தூரிகையால் நீக்கவும் வேண்டும்.