கரும்புள்ளிகள் கூறும் கணக்கு

கதிரவனை மாசு மறுவற்ற ஒளிக்கோளம் என்றே ஐரோப்பிய அறிஞர் நெடுங்காலம் நம்பியிருந்தனர். தொலைநோக்கி தோன்றிய பின்னரே அந்நம்பிக்கை ஆட்டங்கண்டது. 1611ஆம் ஆண்டையொட்டிக் கலிலியோ, ஃபப்ரிசியஸ், ஷைனர் முதலியோர் கதிரவனின் முகத்தில் கரும்புள்ளிகள் தோன்றி, நகர்ந்து, மறைவதைக் கண்டனர். ஆயினும், அப்புள்ளிகளின் பெருக்கமும் குறைவும் ஒரு முறைமைக்கு உட்பட்டவை என்பதை உலகம் உணர இரு நூற்றாண்டுகளுக்கு மேலாயின.

அவ்வுண்மையைக் கண்டவர் பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்லர். ஜெர்மனியின் டெசாவ் நகரைச் சேர்ந்த மருந்துக் கடைக்காரர் ஹைன்ரிக் ஷ்வாபே என்பவர். புதனுக்கும் உட்புறத்தே ஒரு கோள் இருக்குமாயின், அது கதிரவனைக் கடக்கையில் கரும்பொட்டாகத் தெரியும் என்று அவர் கருதினார். கோளையும் புள்ளியையும் பிரித்தறிய வேண்டி, 1826 முதல் வானம் தெளிந்த நாள்தோறும் புள்ளிகளை எண்ணிக் குறித்தார். தேடிய கோள் அகப்படவில்லை. ஆனால், பல்லாண்டுக் குறிப்புகளை ஒப்பிட்டபோது, ஏறத்தாழப் பத்தாண்டுக்கு ஒருமுறை புள்ளிகள் பெருகித் தேய்வது புலனாயிற்று. 1844இல் அவர் வெளியிட்ட இம்முடிவைப் பொருட்படுத்தியவர் மிகச் சிலரே. அறிஞர் ஹம்போல்ட் தம் நூலில் எடுத்துரைத்த பின்னரே அது பலர் கவனத்தையும் ஈர்த்தது. 1857இல் இங்கிலாந்தின் அரச வானியல் கழகம் ஷ்வாபேக்குத் தங்கப் பதக்கம் வழங்கிற்று.

சுவிட்சர்லாந்தின் ருடால்ஃப் வோல்ஃப் இப்பணியை மேலும் வளர்த்தார். புள்ளிக் கூட்டம் ஒவ்வொன்றுக்கும் பத்தும், புள்ளி ஒவ்வொன்றுக்கும் ஒன்றுமாகக் கூட்டிப் பெறும் அளவெண்ணை அவரே வகுத்தார். பழைய குறிப்புகளைத் தேடித் தொகுத்து, சுழற்சியின் சராசரிக் காலம் சற்றேறக்குறைய 11 ஆண்டு எனக் கணித்தார். 1755இல் தொடங்கியதே இன்றும் முதலாம் சுழற்சியாக எண்ணப்படுகிறது.

சராசரி தெரிந்துவிட்டால் வருங்காலமும் தெரிந்துவிடும் என எண்ணுதல் பிழையாகும். சில சுழற்சிகள் 9 ஆண்டில் முடிந்தன. சில 13 ஆண்டுக்கு மேலும் நீடித்தன. 1645 முதல் 1715 வரையிலோ புள்ளிகள் மிக அரிதாகவே தோன்றின.

கணிப்புத் தவறினால் விளையும் கேடு யாது? கதிரவன் கொந்தளிக்குங்கால் புவியின் மேல் வளிமண்டலம் சூடேறி விரிகிறது. தாழ்ந்து சுற்றும் செயற்கைக்கோள்களின் வேகத்தை அது தடுத்து, அவற்றைக் கீழே இழுக்கிறது. அமெரிக்காவின் ஸ்கைலேப் விண்வெளி நிலையத்திற்கு நேர்ந்தது இதுவே. கதிரவனின் செயற்பாடு எதிர்பார்த்ததை விஞ்சியமையால், அதனை மேலே உயர்த்துவதற்கான விண்ணோடம் ஆயத்தமாகும் முன்பே, 1979 ஜூலை 11ஆம் நாள் அது சிதறி வீழ்ந்தது. அதன் துண்டுகள் மேற்கு ஆஸ்திரேலியாவில் கிடந்தன.

இருபத்து நான்காம் சுழற்சியைக் குறித்து ஆய்வாளர் இரு வேறு முடிவுகளை உரைத்தனர். முந்தையதைவிட 30 முதல் 50 விழுக்காடு வலிமை மிக்கதாக அமையும் என்றது 2006இல் வெளிவந்த ஒரு கணிப்பு. கதிரவனின் துருவங்களில் நிலவும் காந்தப்புலம் மெலிந்திருப்பதைக் கொண்டு, நூறாண்டில் மிகச் சிறியதாகவே அமையும் என்றது 2005இல் வெளிவந்த மற்றொன்று. 2014இல் உச்சம் வந்தபோது மெலிவென்றவர் கூற்றே மெய்யாயிற்று. அளவெண் 116ஐ மட்டுமே எட்டியது. அடுத்த சுழற்சியும் 115 அளவிலேயே நிற்கும் என்று அனைத்துலகக் குழுவொன்று 2019இல் அறிவித்தது. 2024 அக்டோபரில் அது ஏறத்தாழ 160ஐத் தொட்டது!

முற்காலப் பதிவே கணிப்பின் அடித்தளம். ஆயின், அடித்தளமே வீடாகிவிடாது. எத்தனை முறை நிகழ்ந்தது என்பதோடு ஏன் நிகழ்கிறது என்பதும் விளங்கினாலன்றி எண்கள் முழுப்பயன் தரா. அதே வேளையில், எண்ணி வைப்பார் இலரேல் ஆராய்வதற்கு ஏதுமில்லை. தமிழகத்தின் கொடைக்கானல் ஆய்வகத்தில் 1904 முதல் எடுத்துச் சேர்த்த கதிரவப் படங்கள் இன்றும் ஆய்வாளர்க்குக் கைகொடுக்கின்றன. அவற்றை எடுத்தோர், பிற்காலத்தார் எழுப்பப்போகும் வினாக்களை அறிந்திருக்கவில்லை. ஷ்வாபேயும் அறிந்திலர். நாள் தவறாது செய்யும் சிறு பணியின் பெருமை அதுவே என்பதை மாணவர் உளங்கொள்வார்களாக.