விடுபட்ட மழைப்பதிவும் அண்டை நிலையங்களும்: கிள்ளான் பள்ளத்தாக்கை முன்வைத்து

மழைமானியின் புனலை இலைச்சருகு அடைத்துக்கொண்டாலோ பதிவுக்கருவி பழுதானாலோ அன்றைய மழையளவு ஏட்டில் விடுபட்டுப்போகிறது. அந்த இடத்தை அக்கம்பக்கத்து நிலையங்களின் அளவுகளைக் கொண்டு நிரப்புவது நெடுநாள் வழக்கம். கிள்ளான் பள்ளத்தாக்கில் இம்மதிப்பீடு சரியாக அமைவதற்கு, எந்த நிலையம் அருகில் இருக்கிறது என்பதைவிட அன்று பெய்தது எவ்வகை மழை என்பதையே முதலில் பார்க்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

1952-இல் பால்ஹஸும் கோலரும் விளக்கிய இயல்பு விகித முறை, நிலையங்களின் சராசரி ஆண்டு மழை விகிதத்தைக் கொண்டு அண்டை அளவுகளைச் சீராக்குகிறது. தலைகீழ்த் தொலைவு முறை கிட்டத்து நிலையத்துக்குக் கூடுதல் எடை தருகிறது. ஜமாலுடின் சுஹைலா, சாயாங் முகமட் டெனி, அப்துல் அசிஸ் ஜெமாய்ன் மூவரும் 2008-இல் மலேசிய மழைத்தரவைக் கொண்டு, தொலைவோடு ஒட்டுறவுக் கெழுவையும் இணைத்து இம்முறைகளைத் திருத்தினர். பயனுள்ள முன்னேற்றம்தான். ஆயினும் ஒரே எடையை எல்லா நாளுக்கும் பொருத்துவது இங்கே போதாது.

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸுக்கும் கிள்ளானுக்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீட்டர். பருவக்காற்று மாறும் ஏப்ரல், அக்டோபர் மாதங்களில் பிற்பகல் இடிமழை ஒரு வட்டாரத்தை நனைத்து அடுத்ததை விட்டுவிடும். சுமத்ராவிலிருந்து நீரிணையைக் கடந்து விடியலில் வரும் சூறைமழையோ கரையோரக் கிள்ளானைத் தொட்டபின் தலைநகரை அடைகிறது. காலை 8 மணிக்கு நாள் கணக்கை முடிக்கும் ஏட்டில், அதே மழை கிள்ளானில் முந்தைய நாளிலும் கோலாலம்பூரில் அடுத்த நாளிலும் பதிவாகலாம். 2021 டிசம்பரில் தாமான் ஸ்ரீ மூடா குடியிருப்பை மூழ்கடித்த மழை வேறுவகை: பள்ளத்தாக்கு முழுவதும் விடாமல் பெய்தது. அத்தகைய நாளில் அண்டை நிலையங்களை நம்பலாம்.

இடிமழை நாளுக்கு ஒரு மாதிரிக் கணக்கு. மூன்று நிலையங்கள் 5, 10, 20 கிலோமீட்டர் தொலைவில் உள்ளன. மழை முறையே 0, 63, 21 மில்லிமீட்டர். தொலைவின் இருபடிக்குத் தலைகீழாக எடையிட்டால் எடைகள் 16:4:1. விடை 13 மில்லிமீட்டர். உண்மையில் அங்கே துளிகூட விழாதிருக்கலாம், 60 மில்லிமீட்டர் கொட்டியுமிருக்கலாம். இப்படி நிரப்பிய ஏட்டில் மழைநாள்கள் கூடும், உச்சமழை குறையும்.

மாத மொத்தத்துக்கு இப்பிழைகள் பெரும்பாலும் ஒன்றையொன்று ஈடுசெய்யும் என்பது உண்மையே. ஆனால் வடிகாலின் அகலத்தை முடிவுசெய்வது உச்சமழை. அதைக் குறைத்துக் காட்டும் ஏட்டை நம்பிக் கட்டிய கால்வாய் பெருமழையில் வழிந்தோடும்.

எனவே மதிப்பீடு மூன்று படிகளில் நடக்க வேண்டும். மழை பெய்ததா என்பதை ரேடார் பதிவையும் மணிவாரி அளவுகளையும் கொண்டு முதலில் உறுதிசெய்ய வேண்டும். பிறகு மழையின் வகைக்கேற்ப எடையிட்டு அளவைக் கணிக்க வேண்டும். இறுதியாக, நிரப்பிய எண்ணுக்குத் தனிக்குறியிட்டு, அதன் பிழை வரம்பையும் எழுத வேண்டும். அளந்த மழையையும் கணித்த மழையையும் பிரித்தறிய முடியாத ஏட்டைக் கொண்டு வெள்ளத் தடுப்பைத் திட்டமிடுவது ஆற்றோரக் குடியிருப்புகளுக்கு ஆபத்து.