அடையாற்று அலமாரி



கைபடாமல் பொருளை ஆக்குவோரும், கண்காணாத் தொலைவில் நடப்பதை இருந்த இடத்திலிருந்தே அறிவோரும் உண்மையில் உளரோ என்னும் வினா மிகப் பழையது. அதனை முறையாக ஆராய்ந்த முயற்சி ஒன்று நம் சென்னையிலேயே நிகழ்ந்தது. நான் வாழும் சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து தெற்கே சில மைல் சென்றால் அவ்விடத்தை இன்றும் காணலாம்.

பிளாவட்ஸ்கி அம்மையாரும் கர்னல் ஆல்காட்டும் முன்னின்று நடத்திய பிரம்மஞான சபையின் தலைமை நிலையம் 1882 டிசம்பரில் அடையாற்றுக்கு வந்தது. அங்கே ஓர் அறையின் சுவரில் மர அலமாரி ஒன்று மாட்டப்பட்டிருந்தது. மகாத்மாக்கள் அனுப்பும் கடிதங்கள் அதனுள் தாமே தோன்றுவதாக அன்பர்கள் நம்பினர். 1883 ஆகஸ்டில், அம்மையார் உதகையில் இருந்த நாளில், ஜெனரல் மார்கன் என்பவர் அதனைக் காண வந்தார். பணியாளராகிய கூலோம் அம்மையார் கதவைத் திறந்ததும் பீங்கான் தட்டொன்று விழுந்து உடைந்தது. துண்டுகளைத் துணியில் முடிந்து உள்ளே வைத்து மூடினர். சற்றுப் பொறுத்துத் திறந்தபோது முழுத் தட்டு இருந்தது!

மறு ஆண்டு சபையினின்றும் விலக்கப்பட்ட கூலோம் தம்பதியர், இவையெல்லாம் பிளாவட்ஸ்கி அம்மையாரின் ஏற்பாட்டால் நடந்த தந்திரங்களே என்றனர். அம்மையார் எழுதியவை என்று அவர்கள் காட்டிய கடிதங்களைச் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி இதழ் 1884 செப்டம்பரில் வெளியிட்டது. அவை பொய்க் கடிதங்கள் என்று அம்மையார் மறுத்தார். லண்டனில் 1882இல் தோன்றிய மனோசக்தி ஆராய்ச்சிக் கழகம், ரிச்சர்டு ஹாட்ஜ்சன் என்ற இளைஞரை விசாரணைக்கு அனுப்பிற்று. அவர் 1884 டிசம்பரில் வந்தபோது அலமாரி எரிக்கப்பட்டுவிட்டது. எனினும் அவர் சாட்சிகளை விசாரித்தார்; அறைச் சுவரை ஆராய்ந்தார்; ஒரே மாதிரியான இரண்டு தட்டுகள் சென்னைக் கடையொன்றில் வாங்கப்பட்டிருந்ததையும் கண்டு எழுதினார். அற்புதங்கள் மோசடியே என்ற அவரது அறிக்கை 1885இல் வெளிவந்தது.

வரலாறு அத்துடன் முடியவில்லை. கையெழுத்து ஆய்வில் வல்லவரான வெர்னன் ஹாரிசன், ஹாட்ஜ்சனின் ஆய்வு ஒருதலையானது என்று 1986இல் அதே கழகத்தின் இதழில் கடுமையாகக் கண்டித்தார்.

இங்கேதான் நாம் தெளிவாக எண்ணுதல் வேண்டும். அம்மையார் மீது சாட்டிய குற்றம் ஐயமற மெய்ப்பிக்கப்பட்டதா என்பது ஒரு வினா. அற்புத சக்தி உண்டா என்பது வேறொரு வினா. முன்னதற்கு ‘இல்லை’ என்று விடை வரினும், பின்னதற்கு ‘ஆம்’ என்பது விடையாகாது. சக்தி உண்டு என்பவரே அதனைக் காட்டக் கடமைப்பட்டவர். அதுவும் தாம் அமைத்த அறையில் அன்று, இரு தரத்தாரும் முன்னரே ஒப்புக்கொண்ட சோதனையில்.

அத்தகைய அழைப்புகளும் பின்னர் விடுக்கப்பட்டன. இலங்கையில் வாழ்ந்த ஆபிரகாம் கோவூர் 1963இல் ஒரு லட்சம் ரூபாய் பரிசு அறிவித்தார். அமெரிக்காவில் ஜேம்ஸ் ராண்டியின் பரிசு பத்து லட்சம் டாலராக வளர்ந்து, 2015 வரை இருந்தது. இரண்டையும் வென்றவர் எவருமிலர்.

இதனால் அத்தகையோர் எக்காலத்தும் இரார் என்று முடிவு கட்டுதல் இயலாது. ஆயினும், இதுவரை நடுநிலையான சோதனையில் வென்று நின்றவர் எவரும் இலர் என்று துணிந்து கூறலாம். நாளை ஒருவர் உங்கள்முன் அற்புதம் நிகழ்த்துவாராயின், அவரை இகழவும் வேண்டா, வணங்கவும் வேண்டா. அலமாரியின் பின்பக்கத்தைப் பார்க்க அனுமதி கேளுங்கள்.