கடலடிப் பணியாளரும் அவர்தம் கப்பலும்

பழைய வீட்டுக்குத்தான் பழுதுபார்ப்பு மிகுதி. கடலடி எண்ணெய் வயல்களுக்கும் இவ்வுண்மை பொருந்தும். வட கடலில், நார்வே நாட்டுக்குரிய பகுதியில், எக்கோபிஸ்க் என்னும் பெரிய வயல் 1969-ஆம் ஆண்டின் இறுதியில் கண்டறியப்பட்டது. மறு ஆண்டில் பிரிட்டிஷ் பகுதியில் ஃபோர்ட்டீஸ் வயல் புலப்பட்டது. பிரிட்டனின் எண்ணெய் உற்பத்தி 1999-இல் உச்சத்தை எட்டிப் பின்னர்க் குறையலாயிற்று. எண்ணெய் குறைந்ததேயன்றி வேலை குறையவில்லை. குழாய்களை உப்புநீர் அரிக்கிறது, வால்வுகள் தேய்கின்றன, மூட்டுகள் தளர்கின்றன. ஆகவேதான் முதிர்ந்த வயல்களைப் பேணப் புதிய மூழ்குபணிக் கப்பல்கள் கட்டப்படுகின்றன.

அத்தகைய கப்பல் ஒன்றின் உள்ளே சென்று பார்ப்போமாயின், அதன் ஒவ்வோர் உறுப்பும் ஒரு வரலாற்றைக் கூறும்.

முதலில் நாம் காண்பது இரும்பாலான அழுத்த அறைகள். வகுப்பில் இதனை விளக்க நான் ஒரு சோடாப் புட்டியைத் திறந்து காட்டுவதுண்டு. மூடியிருக்கும்போது அடங்கியிருந்த வாயு, திறந்தவுடன் குமிழிகளாகப் பொங்குகிறது. மனித உடலும் அத்தகையதே. நீரில் பத்து மீட்டர் இறங்குந்தோறும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. சுவாசிக்கும் வாயு குருதியிற் கரைகிறது. விரைந்து மேலெழுந்தால் அது குமிழியாகி உயிருக்கே உலை வைக்கும். பிரெஞ்சு அறிஞர் பால் பேர் 1878-இல் இக்காரணத்தை விளக்கினார். பிரிட்டனைச் சேர்ந்த ஹால்டேன் வெள்ளாடுகளைக் கொண்டு ஆராய்ந்து, படிப்படியாக மேலேறும் முறையை 1908-இல் வெளியிட்டார்.

1957 முதல் அமெரிக்கக் கடற்படை மருத்துவர் ஜார்ஜ் பாண்ட் நடத்திய சோதனைகள் மற்றொரு வழியைத் திறந்தன. தெவிட்டிய கரைசலில் மேலும் உப்புக் கரையாததுபோல், ஒரு நிலைக்குப்பின் உடலும் மேலும் வாயுவை ஏற்பதில்லை. அதன்பின் ஆழத்தில் ஒரு நாள் தங்கினாலும் பல நாள் தங்கினாலும் மேலே வரும் கால அளவு ஒன்றே. ஆதலால் மூழ்குவோர் கப்பலின் அழுத்த அறையிலேயே பல நாட்கள் உண்டு உறங்கி, மணி வடிவக் கூண்டில் இறங்கி வேலை செய்து மீள்கின்றனர். நூறு மீட்டர் ஆழத்தில் உழைத்தவரின் உடல் வெளியுலக அழுத்தத்துக்குத் திரும்ப நான்கைந்து நாட்கள் ஆகும்.

அடுத்தது, நங்கூரமின்றிக் கப்பல் ஒரே இடத்தில் நிற்கும் திறன். பல திசைகளிலும் திரும்பும் உந்திகளின் துணையால் 1961-இல் கஸ் என்னும் துளைப்புக் கப்பல் பசிபிக் கடலில் அவ்வாறு நின்று காட்டியது. இன்று அவ்வேலையைக் கணினி செய்கிறது. அது தவறினால் என்னாகும்? 2012 செப்டம்பரில், வட கடலில் டோபாஸ் என்னும் கப்பலில் அக்கருவி செயலிழந்தது. கப்பல் விலகிச் செல்ல, ஏறத்தாழத் தொண்ணூறு மீட்டர் ஆழத்தில் இருந்த ஒருவரின் உயிர்க்குழாய் அறுந்தது. முதுகில் இருந்த சேமிப்பு வாயுவோ சில நிமிடங்களுக்கே போதுமானது. கப்பலை மீண்டும் அவ்விடம் கொணர்ந்து, அரைமணி நேரத்துக்குப் பின் தோழர் ஒருவர் அவரை எடுத்துவந்தார். வியப்பினும் வியப்பு, அவர் பிழைத்தார்!

எல்லோரும் அவ்வாறு பிழைத்தாரில்லை. 1983 நவம்பர் 5-ஆம் நாள், பைஃபோர்ட் டால்ஃபின் என்னும் துளைப்பு மேடையில், அறைக்கதவு முற்றும் அடைபடுமுன் கூண்டின் பிணைப்புத் திறந்துகொண்டது. ஒன்பது மடங்காயிருந்த அழுத்தம் கணப்பொழுதில் ஒன்றாயிற்று, ஐவர் மாண்டனர். அழுத்தம் இருக்கும்வரை திறவாத பூட்டுகள் இன்று அமைந்திருப்பதன் பொருள் இப்போது விளங்கும். கப்பலே மூழ்க நேர்ந்தாலும், அழுத்தம் குலையாமல் பணியாளரைக் கொண்டுசெல்லும் உயிர்காப்புப் படகும் உண்டு.

இவற்றினும் நான் பெரிதாக மதிப்பது ஒரு தாள். எவ்வளவு நேரத்தில் மேலேற வேண்டும் என்று கூறும் அட்டவணை. வட கடற் பணியின் தொடக்க ஆண்டுகளில் நிறுவனங்கள் தத்தம் அட்டவணைகளை வணிக இரகசியமாக வைத்திருந்தன. விரைந்து மேலேறுவதால் நேரும் தீங்கை அறியாமலே பலர் உழைத்தனர்; உடல்நலம் இழந்தனர். அவர்களுள் சிலர் தொடுத்த வழக்கில், அபாயத்தைப் பற்றிய செய்தி பணியாளருக்குக் கிடைக்கச் செய்ய நார்வே அரசு தவறியது என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2013 டிசம்பரில் தீர்ப்பளித்தது.

மாணவர்களே! ஹால்டேன் தம் அட்டவணையை உலகறிய வெளியிட்டார். பின்வந்தோர் அதனை மறைத்தனர். அறிவு இல்லாமையால் நேரும் சாவு துயரம். இருந்த அறிவை ஒளித்ததால் நேரும் தீங்கோ குற்றம். புதிய கப்பலின் உந்தியையும் கணினியையும் கண்டு வியக்கும்போது, அதில் இறங்குபவருக்கு உண்மை முழுவதும் சொல்லப்பட்டதா என்றும் கேளுங்கள். அவ்வினாவும் விஞ்ஞானத்தின் ஒரு பகுதியே.