பிறதளக் கணக்கு வழி உள்நுழைவு

ஓர் இணையதளத்துக்கென்று தனியாகப் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் உருவாக்கிக்கொள்ளாமல், வேறொரு நிறுவனத்தில் ஏற்கெனவே உள்ள கணக்கைக் கொண்டே அத்தளத்துக்குள் நுழையும் முறை. கடைகள், செய்தித்தளங்கள், பாடச் செயலிகள் ஆகியவற்றின் முதல் திரையில் தென்படும் ‘கூகுள் மூலம் தொடரவும்’ என்ற பொத்தான் இதன் பரவலான வடிவம். வந்திருப்பவர் இன்னார் என்று உறுதிசொல்லும் நிறுவனத்தை அடையாள வழங்குநர் என்பர். கடவுச்சொல் அந்த வழங்குநரைத் தாண்டி எங்கும் போவதில்லை. இம்முறையின் உயிர்நாடி அதுதான்.

மைக்ரோசாஃப்ட் 1999இல் தொடங்கிய பாஸ்போர்ட் சேவை தொடக்ககால முயற்சிகளில் பெரியது. உலகின் அடையாளச் சாவி முழுவதும் ஒரே நிறுவனத்தின் கைக்குப் போவதா என்ற அச்சம் உடனே எழுந்தது. அதற்கு மாற்றாக, சன் மைக்ரோசிஸ்டம்ஸ் முன்னின்று 2001இல் லிபர்ட்டி கூட்டணியை அமைத்தது. பாஸ்போர்ட்டை ஏற்றிருந்த இபே 2005 தொடக்கத்தில் அதைக் கைவிட்டது.

அதே 2005இல், லைவ்ஜர்னல் தளத்தை உருவாக்கிய பிராட் ஃபிட்ஸ்பாட்ரிக் ஓப்பன்ஐடி என்ற நெறிமுறையை வெளியிட்டார். ஒருவருடைய இணைய முகவரியே அவருக்கு அடையாளம். விரும்பினால் யாரும் தம் சொந்த சர்வரிலேயே வழங்குநராகலாம். இந்தத் துறையில் இதைவிடத் துணிச்சலான யோசனை வந்ததில்லை. ஆனால் உள்ளே நுழைவதற்கு இணைய முகவரியைத் தட்டச்சு செய்வது பொதுமக்களுக்குப் பழக்கமாகவில்லை. மோசடித் தளம் ஒன்று போலி வழங்குநர் பக்கத்துக்கு அனுப்பிக் கடவுச்சொல்லைப் பறிக்கவும் அதில் இடமிருந்தது. 2008இல் ஃபேஸ்புக் கனெக்ட் வந்தபின் ஒற்றைப் பொத்தானே வென்றது. அதனுடன் அதிகாரம் மீண்டும் சில பெருநிறுவனங்களிடம் சேர்ந்தது.

இன்னொரு தேவையிலிருந்து ஓஆத் பிறந்தது. பயனரின் நண்பர்களைக் கண்டுபிடித்துத் தருவதாகச் சொல்லி, அவருடைய மின்னஞ்சல் கடவுச்சொல்லையே பல தளங்கள் கேட்டு வாங்கிக்கொண்டிருந்த காலம் அது. கடவுச்சொல்லைக் கொடுக்காமல், குறிப்பிட்ட தரவைத் தொடும் அனுமதியை மட்டும் டோக்கனாகக் கொடுப்பது ஓஆத். முதல் பதிப்பு 2007இலும், இன்று வழக்கில் உள்ள இரண்டாம் பதிப்பு 2012 அக்டோபரிலும் வந்தன.

இங்கே ஒரு குழப்பத்தை நன்றாக விளங்கிக்கொள்ள வேண்டும். அனுமதி டோக்கன் ‘இந்தத் தரவைத் திறக்கலாம்’ என்று சொல்லுமே தவிர, ‘இதைக் கொண்டுவந்தவர்தான் கணக்கின் சொந்தக்காரர்’ என்று சொல்வதில்லை. இருந்தும் பலர் அதையே உள்நுழைவுச் சான்றாகக் கொண்டனர். ஒரு விளையாட்டுச் செயலி தனக்குக் கிடைத்த டோக்கனை வேறொரு தளத்தில் நீட்டி, பயனரின் பெயரில் உள்ளே நுழைந்துவிட முடியும். 2014 பிப்ரவரியில் வெளியான ஓப்பன்ஐடி கனெக்ட், ஓஆத்தின் மேல் ஓர் அடையாள டோக்கனைச் சேர்த்து இந்த ஓட்டையை அடைத்தது.

பொத்தானை அழுத்தியதும் உலாவி வழங்குநரின் பக்கத்துக்குப் போகிறது. பயனர் அங்கே ஒப்புதல் தந்ததும், தளம் முன்பே பதிவுசெய்த முகவரிக்குச் சிறிது நேரமே செல்லுபடியாகும் ஒரு குறியீட்டுடன் திரும்புகிறது. அந்தக் குறியீட்டைத் தளத்தின் சர்வர் வழங்குநரிடம் நேரடியாகக் கொடுத்து அடையாள டோக்கனைப் பெறுகிறது. அதில் யார் வழங்கியது, எந்தத் தளத்துக்காக வழங்கியது, எப்போது காலாவதி, பயனரின் மாறாத எண் எது ஆகியவை வழங்குநரின் மின்னணுக் கையொப்பத்துடன் இருக்கும். தளம் இவற்றை ஒன்றுவிடாமல் சரிபார்க்க வேண்டும். ‘எந்தத் தளத்துக்காக’ என்பதைப் பார்க்காமல் விட்டால் பழைய ஓட்டை அப்படியே திறந்துகொள்ளும்.

பயனரை மின்னஞ்சல் முகவரியால் அடையாளம் காண்பது பரவலான தவறு. முகவரி மாறலாம், கைமாறவும் கூடும். வழங்குநர் தரும் மாறாத எண்ணையே சாவியாகக் கொள்ள வேண்டும். ஆப்பிள் 2019இல் அறிவித்த உள்நுழைவுச் சேவையில், எந்த மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்தாலும் அதற்குக் கையொப்பமிட்ட டோக்கன் கிடைக்கும் குறை இருந்ததை இந்திய ஆய்வாளர் பாவுக் ஜெயின் 2020இல் கண்டுபிடித்தார். ஆப்பிள் அவருக்கு 1,00,000 டாலர் பரிசளித்தது. மின்னஞ்சலை மட்டும் நம்பிய செயலிகளில் பிறர் கணக்கையே கைப்பற்றியிருக்கலாம்.

ஒரே கணக்கில் பல கதவுகள் தொங்குவதால் இழப்பும் பெரிதாகும். 2018 செப்டம்பரில் ஃபேஸ்புக்கில் சுமார் 3 கோடிப் பேரின் டோக்கன்கள் திருடப்பட்டன. பயனர் எந்தெந்தத் தளத்துக்குப் போகிறார் என்பதும் வழங்குநருக்குத் தெரிந்துவிடுகிறது. அதைத் தெரியாமல் செய்ய முயன்ற மோசில்லாவின் பெர்சோனா, போதிய தளங்கள் ஏற்காததால் 2016 நவம்பரில் மூடப்பட்டது. உண்மையான மின்னஞ்சலை மறைத்து மாற்று முகவரி தரும் ஆப்பிளின் வசதி, தளத்திடமிருந்துதான் பயனரைக் காக்கிறது, வழங்குநரிடமிருந்து அல்ல.

வழங்குநர் விலகிக்கொள்வதும் நடந்திருக்கிறது. ஓப்பன்ஐடி வழங்குநரான மைஓப்பன்ஐடி 2014 பிப்ரவரியில் நின்றுபோனது. 2020 செப்டம்பரில், ஆப்பிளுடன் வழக்காடிக்கொண்டிருந்த எபிக் கேம்ஸ், தன் பயனர்களின் ஆப்பிள் வழி உள்நுழைவு நிறுத்தப்படப் போகிறது என்றும், மின்னஞ்சலையும் கடவுச்சொல்லையும் உடனே சேர்த்துக்கொள்ளுங்கள் என்றும் அறிவித்தது. கடைசி நேரத்தில் ஆப்பிள் அவகாசத்தை நீட்டியது. ஆகவே ஒரே கணக்குடன் இரண்டாவது வழங்குநரையோ கடவுச்சொல்லையோ இணைத்துக்கொள்ளும் வசதியைப் பொறுப்புள்ள தளங்கள் தொடக்கத்திலேயே வைத்துவிடுகின்றன.