பொன் விளிம்பும் வெள்ளி விளிம்பும்

விருத்தாசலத்தில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். முப்பது வருஷம் பீங்கான் சூளைகளோடு பழகியவர். மாசி மகத்துக்கு அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது பீங்கான் கோப்பையில் காப்பி கொடுத்தார்கள். கோப்பையின் வாயைச் சுற்றித் தங்க நிறத்தில் மெல்லிய கோடு. நன்றாக இருக்கிறதே என்று சொல்லி வைத்தேன். அதுதான் தப்பாகப் போயிற்று.

"அண்ணா, நீங்களும் அப்படியே சொல்கிறீர்களே! எனக்கு இந்த மஞ்சள் கோடே ஆகாது. வெள்ளிக் கோடு போட்ட கோப்பை ஒரு ஜோடி வேண்டும் என்று கல்யாணம் ஆன நாளிலிருந்து கேட்கிறேன்" என்றார் நண்பரின் மனைவி.

"வெள்ளிக் கோடு என்று உலகத்தில் ஒன்று கிடையாது" என்றார் நண்பர், செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்காமல்.

இது முப்பது வருஷத்து வழக்கு என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஆனால் நண்பர் சொன்னது உண்மை. கோப்பையின் மஞ்சள் கோடு அசல் தங்கம். நூற்றுக்குப் பத்துப் பங்கு அளவில் தங்கம் கரைந்திருக்கும் ஒரு குழம்பைத் தூரிகையால் தீட்டுகிறார்கள். தீட்டும்போது அது பாகுபோலப் பழுப்பாக இருக்கும். பார்க்கிறவனுக்கு அதில் பொன் இருப்பதாகவே தோன்றாது. எழுநூறு, எண்ணூறு டிகிரிச் சூட்டில் மறுபடி ஒருமுறை சுட்டு எடுத்தால் எண்ணெய்ப் பொருள்கள் எரிந்துபோய்த் தங்கம் மட்டும் பளபளவென்று ஒட்டிக்கொண்டிருக்கும். 1830-ஐ ஒட்டி ஜெர்மனியின் மைசன் பீங்கான் தொழிற்சாலையில் கண்டுபிடித்த வித்தை அது. வெள்ளியை இப்படிப் பூசினால் சில மாதத்தில் கறுத்துவிடும். காற்றிலுள்ள கந்தகம் வெள்ளியைச் சும்மா விடுவதில்லை. ஆகவே கடையில் வெள்ளிக் கோடு என்று விற்பது பிளாட்டினமோ பல்லேடியமோ கலந்தது. வெள்ளியின் பெயரைச் சொல்லிக்கொண்டு அதைவிட உயர்ந்த ஜாதி உலோகம் வந்து உட்கார்ந்திருக்கிறது! (இரண்டு கோட்டுக்கும் ஒரே விதி: மைக்ரோவேவ் அடுப்பில் வைத்தால் பொறி பறக்கும்.)

தங்கமா, வெள்ளியா என்ற ருசி தனிப்பட்ட விஷயம் என்றுதான் நாம் நினைக்கிறோம். ஒருவருக்குக் கத்தரிக்காய் பிடிக்கும், ஒருவருக்குப் பிடிக்காது என்பதுபோல. எனக்கு அது அவ்வளவு எளிதாகப் படவில்லை. நம்முடைய மொழியையே பாருங்கள். பழந்தமிழில் பொன் என்றால் தங்கம் மட்டும் அல்ல, உலோகம் எல்லாமே பொன்தான். இரும்பு கரும்பொன், வெள்ளி வெண்பொன். பஞ்சலோகச் சிலையை ஐம்பொன் சிலை என்றுதான் இன்றும் சொல்லுகிறோம். வானத்திலும் இதே கதை. வியாழனுக்குப் பொன் என்று பெயர். சுக்கிரனுக்கு வெள்ளி என்று பெயர். ஆக, பேசத் தொடங்கும்போதே தமிழன் பொன்னின் கட்சியில் சேர்ந்துவிட்டான். வெள்ளி அவனுக்கு வெறும் 'வெள்ளையானது'.

விருத்தாசலத்தில் உட்கார்ந்துகொண்டு பொன்னைப் பற்றிப் பேசினால் சுந்தரரைச் சொல்லாமல் இருக்க முடியாது. பழமலை, முதுகுன்றம் என்பவை இந்த ஊரின் தமிழ்ப் பெயர்கள். திருவாரூரில் பரவையாருடைய செலவுக்குப் பொன் வேண்டும். சுந்தரர் இங்கே வந்து பாடினார். இறைவன் 12,000 பொன் கொடுத்தார். இவ்வளவையும் தூக்கிக்கொண்டு காட்டு வழியில் எப்படிப் போவது? மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்துக்கொள் என்று உத்தரவாயிற்று. ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுகிற பழமொழிக்கு இந்த ஊர் ஆறுதான் ஆறு.

பெரிய புராணத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அற்புதம் அல்ல, அதற்குள் இருக்கும் வியாபார புத்தி. சுந்தரர் பொன்னை ஆற்றில் போடுவதற்கு முன் மாற்றுப் பார்க்க அதில் ஒரு துண்டு மச்சம் வெட்டிக் கையில் வைத்துக்கொள்கிறார். கொடுத்தவர் கடவுள், இருந்தாலும் மச்சம் மச்சம்தான்! திருவாரூரில் குளத்திலிருந்து எடுத்ததை உரைத்துப் பார்த்தால் மாற்றுக் குறைகிறது. மறுபடி பாடுகிறார், மாற்றுச் சரியாகிறது. அங்கே குளக்கரையில் மாற்றுரைத்த பிள்ளையார் இன்றும் இருக்கிறார். சேக்கிழார் 12-ஆம் நூற்றாண்டுக்காரர். சோழ ராஜ்யத்தில் உரைகல் என்ன மரியாதை பெற்றிருந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளிலும் நகைகளைக் கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்று நிறுத்துத்தான் எழுதியிருக்கிறார்கள். எடைக்கல்லுக்கே ஆடவல்லான் என்று சுவாமியின் பெயர். விருத்தாசலம் கோயிலைக் கற்றளியாக எடுத்த செம்பியன் மாதேவியாரும் அந்தக் குடும்பத்துப் பெரியவர்தாம்.

வெள்ளி நம் நாட்டில் அதிகம் விளைவதில்லை, வெளியிலிருந்து வரவேண்டும். ரோமாபுரியிலிருந்து மிளகுக்கு விலையாக வந்தது. கோயம்புத்தூர்ப் பக்கம் பூமியைத் தோண்டினால் அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்து வெள்ளிக் காசுகள் பானை பானையாகக் கிடைத்திருக்கின்றன. இந்தியா வருஷத்துக்கு ஐந்து கோடி செஸ்டர்ஸ் பணத்தை உறிஞ்சுகிறது என்று பிளினி புலம்பினார். பிறகு அமெரிக்காவில் ஸ்பெயின்காரர்கள் வெட்டிய வெள்ளி கப்பல் கப்பலாக வந்தது. அப்படியும் தெற்கே ஜனங்கள் வராகனையும் பணத்தையும் விடவில்லை. வடக்கே ரூபாய், தெற்கே வராகன் என்பது கும்பெனி காலம் வரை நடந்தது. 1818-ஆம் வருஷம் ஜனவரி மாதம் சென்னை ராஜதானியில் இனி வெள்ளி ரூபாய்தான் கணக்கு என்று கும்பெனியார் அறிவித்தார்கள். ஒரு வராகனுக்கு மூன்றரை ரூபாய். நம் ஜனங்களின் ஆயிரம் வருஷத்து ருசியை ஒரு காகிதம் மாற்றிவிட்டது.

இங்கேதான் என் பாட்டி வருகிறாள்.

பாட்டியின் பாட்டிக்கு எண்பது ரூபாய் எடையில் வெள்ளிக் காப்பும் தண்டையும் இருந்தன. தங்கம் என்று திருமாங்கல்யத்தில் ஒரு பொட்டு. தாது வருஷப் பஞ்சம் வந்தது. 1876-லிருந்து 78 வரை சென்னை ராஜதானியில் லட்சக்கணக்கான பேர் மாண்ட பஞ்சம் அது. அந்த அம்மாள் காப்பைக் கழற்றி நிறுத்துக் கொடுத்தாள். ஏறக்குறைய எடைக்கு எடை ரூபாய் கிடைத்தது. குடும்பம் பிழைத்தது. எப்படி அந்த விலை கிடைத்தது? அப்போது வெள்ளியை யார் கொண்டுபோய்க் கொடுத்தாலும் சர்க்கார் அக்கசாலையில் சிறு கூலி பிடித்துக்கொண்டு ரூபாயாக அடித்துக் கொடுப்பார்கள். சென்னை அக்கசாலையை 1869-லேயே மூடிவிட்டார்கள். ஆனால் பம்பாய் அக்கசாலை இருந்தது. பஞ்ச காலத்தில் ஏழைகளின் காப்பும் கொலுசும் மூட்டை மூட்டையாக அங்கே போய் உருகின. வெள்ளிக் காப்பு என்பது கையில் போட்டுக்கொண்ட ரூபாய் என்றே சொல்லலாம்.

"வெள்ளி கைவிடாது" என்பது எங்கள் குடும்பத்தில் வேதவாக்கு ஆயிற்று. பாட்டியின் தாயாரும் சேர்த்தாள். நெல் விற்ற ரூபாய் கையில் வந்தால், அதைப் பத்தரிடம் கொடுத்து உருக்கித் தண்டையாக அடித்துக்கொள்வாள். ரூபாயாக இருந்தால் ஆண்பிள்ளைகள் எடுத்துச் செலவழித்துவிடுவார்கள். காலில் கிடந்தால் தொடமாட்டார்கள் அல்லவா? அவளும் எண்பது ரூபாய் எடை சேர்த்துவிட்டாள். 1898-ல் உழவு மாடு இரண்டும் நோயில் செத்தன. தண்டையைக் கழற்றிக்கொண்டு சராப்புக் கடைக்குப் போனாள். பத்து வயதுப் பெண்ணான என் பாட்டியும் கூடப் போனாள். கடைக்காரர் நிறுத்துப் பார்த்துவிட்டு, ரூபாய் எடைக்குப் பத்தணா என்றார். எண்பதுக்கு ஐம்பது ரூபாய்! அழுதும் பார்த்தாள், சண்டை போட்டும் பார்த்தாள். அடுத்த கடைக்காரரும் அதையே சொன்னார். ஐம்பது ரூபாய்க்கு ஒரு மாடுதான் வாங்க முடிந்தது. ஒற்றை மாட்டை வைத்துக்கொண்டு ஏர் பூட்ட முடியுமா? நிலம் குத்தகைக்குப் போயிற்று. பிறகு அது திரும்பவே இல்லை.

பாட்டியின் தாயார் சாகும் வரை அந்தக் கடைக்காரரைச் சபித்துக்கொண்டிருந்தாளாம். பாட்டியும் அந்தச் சாபத்தை எங்களுக்குச் சொல்லி வைத்தாள். சின்ன வயதில் நானும் நம்பினேன். வெகு காலம் கழித்து நாணய சரித்திரம் ஒன்றைப் படிக்கும்போதுதான், அந்த மனிதர் ஒரு காசு கூட ஏமாற்றவில்லை என்று தெரிந்தது.

1871-க்குப் பிறகு ஜெர்மனி வெள்ளியைத் தள்ளிவிட்டுத் தங்க நாணயத்துக்குப் போயிற்று. மற்ற ஐரோப்பிய தேசங்களும் பின்னாலேயே போயின. அமெரிக்கச் சுரங்கங்களிலிருந்து வெள்ளி வந்து குவிந்தது. விலை சரிந்தது. ரூபாய் வெள்ளி ஆனதால் அதுவும் கூடவே சரிந்தது. இரண்டு ஷில்லிங் பெற்ற ரூபாய் ஒன்றேகால் ஷில்லிங்குக்கு வந்தது. லண்டனுக்குப் பவுன் கணக்கில் அனுப்பவேண்டிய இந்திய சர்க்காருக்கு இடித்தது. 1893-ஆம் வருஷம் ஜூன் 26-ஆம் தேதி, ஜனங்கள் கொண்டுவரும் வெள்ளியை இனி ரூபாயாக அடித்துத் தருவதில்லை என்று அக்கசாலைக் கதவைச் சாத்திவிட்டார்கள். ரூபாய் மெல்ல மேலே ஏறியது. வெள்ளி கீழே போயிற்று. 1898-ல் ஒரு ரூபாயில் இருக்கும் வெள்ளியின் விலை பத்தணாச் சொச்சம்தான். ராணியின் தலை அச்சடித்திருந்தால் பதினாறணா. அதே வெள்ளி தண்டையாக இருந்தால் பத்தணா. கிழவி ரூபாய்களை உருக்காமல் பானையில் போட்டுப் புதைத்திருந்தால் இரண்டு மாடும் வந்திருக்கும். உருக்கியது அவள் செய்த தப்பா? இருபது வருஷத்துக்கு முன் அதுதானே குடும்பத்தைக் காப்பாற்றியது! சீமையில் எழுதிய உத்தரவு தன் காலில் கிடக்கும் தண்டையைத் தொடும் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்?

1899-ல் இங்கிலாந்துப் பவுன் 15 ரூபாய் என்று சட்டமாயிற்று. அந்தக் காசுதான் இன்றைக்கும் நம் பெண்களின் கழுத்தில் எடைக்கல்லாகத் தொங்குகிறது. ராணி போனாள், ராஜா போனார். பவுன் என்றால் எட்டுக் கிராம் என்பது மட்டும் போகவில்லை. தங்கம் லக்ஷ்மி, இடுப்புக்குக் கீழே அணியக்கூடாது என்று சொல்வதும் உண்டு. கண்ணகியின் சிலம்பு பொற்சிலம்பு என்பதை இவர்கள் மறந்துவிடுகிறார்கள். காலுக்கு வெள்ளி என்ற வழக்கத்தில் சாஸ்திரம் எவ்வளவு, சக்தி எவ்வளவு என்பது எனக்கு எப்போதும் சந்தேகம்.

பாட்டி தங்கத்தையும் நம்பவில்லை. 1963 ஜனவரியில் மொரார்ஜி தேசாய் தங்கக் கட்டுப்பாடு கொண்டுவந்தார். 14 காரட்டுக்கு மேல் புது நகை செய்யக்கூடாது. எங்கள் தெருப் பத்தர் வேலையில்லாமல் உரைகல்லை மடியில் வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தார். பாட்டி அவரைப் பார்த்து, "அப்பா, அன்றைக்கு வெள்ளிக்கு வந்தது, இன்றைக்குத் தங்கத்துக்கு வந்திருக்கிறது" என்றாள். 14 காரட் உத்தரவு 1966-ல் தளர்ந்தது. 1968-ல் தனிச் சட்டமே வந்து, அது 1990-ல்தான் போயிற்று. அதற்கு வெகு முன்பே பத்தர் ஊரை விட்டுப் போய்விட்டார். பிள்ளைகளைப் பம்பு செட்டு ரிப்பேருக்குப் பழக்கினார் என்று கேள்வி.

இதையெல்லாம் சொல்லி முடிப்பதற்குள் என் காப்பி ஆறிவிட்டது. கோப்பையைப் பார்த்தேன். உதடு படும் பக்கத்தில் மட்டும் தங்கக் கோடு தேய்ந்து, வெறும் பீங்கான் தெரிந்தது.

நண்பரின் மனைவி கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். "அப்படியானால் அந்தக் கடைக்காரர் பாவம், அண்ணா" என்று சமையல் உள்ளிலிருந்தே சொன்னார். இரண்டாவது காப்பி அவருடைய பிறந்த வீட்டு வெள்ளி டம்ளரில் வந்தது. விபூதி போட்டுத் துலக்கி நிலாப்போல வைத்திருந்தார். உலோகங்களில் சூட்டை எல்லாவற்றையும்விட வேகமாகக் கடத்துவது வெள்ளி என்பதை நண்பர் அப்போதுதான் எனக்குச் சொன்னார். மேல்துண்டைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு குடித்தேன்.