காதால் திறக்கும் கதவு

மயிலாப்பூர்க் கடற்கரைச் சாலையில் உள்ள வானொலி நிலையத்தைக் கடக்கும்போதெல்லாம் நமக்கு ஒரு பழைய செய்தி நினைவுக்கு வரும். இந்நகரின் வானலைகளை முதலில் திறந்தது அரசு அன்று, ஆர்வலர்கள். சி.வி. கிருஷ்ணசாமி செட்டியும் நண்பர்களும் தொடங்கிய சென்னை மாகாண வானொலிச் சங்கம், 1924 ஜூலை 31 அன்று ஒலிபரப்பைத் தொடங்கியது. பணமுடையால் 1927இல் அது ஓய்ந்தது. அதன் கருவியைப் பெற்ற மாநகராட்சி, 1930 ஏப்ரல் முதல் ரிப்பன் மாளிகையிலிருந்து ஒலிபரப்பியது. அகில இந்திய வானொலி இங்கு வந்தது 1938இல்தான்.

ஒலிபரப்பில் நாம் கேட்க மட்டுமே முடியும். பேசவும் விரும்புவோருக்கு உரியது ‘ஹாம்’ எனப்படும் அமெச்சூர் வானொலி. தேர்வெழுதி உரிமம் பெற்றவர், வீட்டிலிருந்தபடியே கடல் கடந்தும் உரையாடலாம். எதிர்முனையில் உள்ளவர் அறிவது அழைப்புக்குறியையும் குரலையும் மட்டுமே. அப்படியானால் பார்வையற்றோருக்கும் நடமாட இயலாதோருக்கும் இதைவிட இசைவான கலை ஏது? ஆயினும் தடை இருந்தது. அலைபரப்பியைச் சீர்செய்ய அளவுமானியின் முள்ளைப் பார்க்க வேண்டும். பாடமும் சுற்றுப்படமும் அச்சில் இருந்தன.

குறை மனிதரிடம் இல்லை, முள்ளில்தான் இருக்கிறது என்று கண்டவர்களுள் ஒருவர் நியூயார்க்கின் ராபர்ட் கண்டர்சன். பார்வையற்றவரான அவர், பார்வையற்றோர் பள்ளியில் வானொலி கற்பித்தார். 1950களில் ‘பிரெய்ல் டெக்னிக்கல் பிரஸ்’ என்னும் இதழை நடத்தினார். முள்ளின் இடத்தை ஒலி ஏற்றது. குமிழைத் திருப்புகையில் ஒலி எங்கே அடங்குகிறதோ, அங்கே விரல் தொட்டறியும் பிரெய்ல் எண்ணே அளவு. மாற்றுத்திறனாளிகளுக்கு ஹாம் பயிற்சி தரும் ‘ஹாண்டிஹாம்’ திட்டம் 1967இல் மின்னசோட்டாவில் பிறந்தது.

மோர்ஸின் கதை இன்னும் வியப்பானது. குறுந்தொடரும் நெடுந்தொடருமான அக்குறிகளைச் செவிப்புலனும் பார்வையும் இல்லாதோர் ஒலிபெருக்கியின் அதிர்வில் விரல் வைத்துப் படித்திருக்கிறார்கள். கை அசையாதவர் குழாயில் ஊதியும் உறிஞ்சியும் அவற்றை அனுப்பலாம். தேர்வில் பலருக்கு இடறுகல்லாயிருந்த ஒன்று, சிலருக்கு ஒரே வாயிலானது. 2003இல் ஜெனீவாவில் கூடிய உலக வானொலி மாநாடு, மோர்ஸ் தேர்வு வேண்டுமா என்பதை அந்தந்த நாட்டின் முடிவுக்கு விட்டது. இன்று இந்தியாவில் தொடக்கநிலை உரிமத்திற்கு மோர்ஸ் தேவையில்லை.

2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றங்கரை மூழ்கிக் கைபேசிகள் ஊமையானபோது, ஹாம் அன்பர்கள் செய்தி கடத்த முன்வந்தார்கள். மாடிப்படி இறங்க இயலாதவருக்கு அந்நாளில் எல்லாரையும்விடக் குரல் தேவைப்பட்டது. அவரே உரிமம் பெற்ற ஹாமாக இருந்திருந்தால், உதவி கேட்பவராக மட்டுமன்றி அண்டை வீட்டாரின் செய்தியையும் அனுப்புபவராக இருந்திருப்பார். நூறாண்டுக்கு முன் ஆர்வலர்கள் திறந்த கதவு இது. அதன் வாசற்படியைத் தாழ்த்துவது நம் தலைமுறையின் கடன்.